குளிர் வருமுன் செய்ய வேண்டியவை: டர்பனில் வயதானவர்களைக் கவனிப்போருக்கு ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குளிர் பெரிதாகத் தெரியாது. ஜூலை விடியற்காலையில்கூடச் சராசரி 10, 11 டிகிரிதான். அதனால்தான் ஏமாந்துபோகிறோம். ஜூன் மாதம் ஆயா (பாட்டி) இருமத் தொடங்கிய பிறகு மருந்துக்கடைக்கு ஓடி, ‘எதிர்ப்புச் சக்தி’ என்று எழுதிய புட்டி ஒன்றை வாங்கி வருகிறோம். அதற்குள் காலம் தப்பிவிட்டது. வயதான உடல் புதிய கிருமியை அடையாளம் கண்டு எழுந்து நிற்க இளம் உடலைவிட அதிக நாள் எடுக்கும். அந்த நாள்களை முன்கூட்டியே சேர்த்து வைப்பதுதான் நம் வேலை. பிப்ரவரியில் தொடங்கினால் நிதானமாகச் செய்யலாம்.

சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், டொங்காட் பக்கம் தாத்தாவையோ ஆயாவையோ புதிதாகப் பொறுப்பேற்றுக் கவனிப்பவர்களுக்காகவும், தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ இங்கே வேலைக்கு வந்து அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். வரிசை மாறாமல் செய்யுங்கள். முதல் மூன்று படிகளுக்குக் காலக்கெடு உண்டு. மற்றவை ஆண்டு முழுவதும் நடக்க வேண்டியவை.

1. முதலில் ஒரு கோப்பு

ஒரு பிளாஸ்டிக் கோப்பு போதும். உள்ளே இருக்க வேண்டியவை: அடையாள அட்டை அல்லது பழைய பச்சை அடையாளப் புத்தகம், அதன் இரண்டு நகல்கள், கிளினிக் அட்டை, முகவரிக்குச் சான்றாக நகராட்சியின் தண்ணீர் அல்லது மின்சாரக் கட்டணச் சீட்டு, மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) இருந்தால் அந்த அட்டை, முதியோர் உதவித்தொகை வாங்குகிறார் என்பதற்கான சான்று.

கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அரசுக் கிளினிக்கில் முதல்நிலைச் சிகிச்சை எப்படியும் இலவசம். ஆனால் கிளினிக்கிலிருந்து மருத்துவமனைக்கு அனுப்பும்போது, வருமானத்தைப் பார்த்துத்தான் கட்டணம் தீர்மானிப்பார்கள். உதவித்தொகை வாங்குபவர் என்று காட்டினால் அங்கும் இலவசம். காட்டாவிட்டால் பதிவு மேசையிலேயே அரை நாள் போய்விடும். 60 வயதாகியும் இன்னும் சாசாவில் (உதவித்தொகை தரும் அரசு முகமை) விண்ணப்பிக்கவில்லை என்றால், சொத்தும் வருமானமும் வரம்புக்குள் இருக்கிறதா என்று விசாரித்து முதலில் அதை முடியுங்கள்.

கோப்பில் ஒரு தாளும் வேண்டும். சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயர், அளவு, எந்த நேரம், எதற்காக, எது ஒவ்வாது என்று அதில் எழுதுங்கள். கையால் எழுதினால் போதும். இரவு பத்து மணிக்கு அவசரப் பிரிவில் நிற்கும்போது, “வெள்ளை மாத்திரை, காலையில் ஒன்று” என்ற பதிலால் யாருக்கும் பயன் இல்லை.

2. பிப்ரவரி, மார்ச்: சர்க்கரையையும் மருந்துகளையும் சரிபாருங்கள்

எதிர்ப்புச் சக்தி என்றதும் கீரையும் மஞ்சளும் நினைவுக்கு வரும். நம் வீடுகளில் அதைவிடப் பெரிய காரணம் சர்க்கரை. இரத்தச் சர்க்கரை நாள்கணக்கில் ஏறியே இருந்தால், கிருமியை விழுங்கும் வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடும். சளி மார்புக்கு இறங்குவதும், கால் புண் ஆறாததும், சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வருவதும் பெரும்பாலும் இதனால்தான்.

புதிதாக வந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் சர்க்கரையை 140, 180 என்று சொல்வார்கள். இங்கே 7.8, 10 என்பார்கள். இங்குள்ள எண்ணை 18ஆல் பெருக்கினால் ஊர்க் கணக்கு வரும். மீட்டரில் 12 என்று பார்த்து, “சின்ன எண்தானே” என்று இருந்துவிடாதீர்கள். அது ஊர்க் கணக்கில் 216. அதேபோல 4-க்குக் கீழே இறங்கினால் உடனே இனிப்பு கொடுக்க வேண்டும்.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையைக் குளிருக்கு முன் ஒரு முறை கேட்டு வாங்குங்கள். சர்க்கரை நிலையாக உள்ளவருக்கு ஆறு மாதத்துக்கொரு முறையும், மருந்து மாற்றியவருக்கு மூன்று மாதத்துக்கொரு முறையும் இது தேவை. தளர்ந்துபோன முதியவருக்கு இது 8 சதவீதம் வரை இருந்தாலும் மருத்துவர் ஒப்புக்கொள்வது உண்டு. அவரை 6-க்குள் தள்ளப் பார்த்தால் தாழ்சர்க்கரையில் மயங்கி விழுவார். எவ்வளவு இருக்கலாம் என்று மருத்துவரிடமே கேட்டு, அந்த எண்ணைக் கோப்பில் எழுதி வையுங்கள்.

மெட்ஃபார்மின் பல ஆண்டுகளாகச் சாப்பிடுபவருக்கு வைட்டமின் பி12 குறையலாம். வயிற்று எரிச்சலுக்கு ஒமிப்ரசோலும் சேர்ந்தால், அல்லது அவர் சைவமானால், இன்னும் குறையும். கால் மரத்துப்போவது, களைப்பு, மறதி எல்லாவற்றையும் வயதின் மேல் போட்டுவிடாமல் பி12 அளவைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

மருந்து வாங்குவதில் நேரம் மிச்சமாக ஒரு வழி உண்டு. நோய் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு, வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள மருந்துக்கடையிலோ வேறு இடத்திலோ தொடர்மருந்துப் பொட்டலத்தை எடுத்துக்கொள்ளும் அரசுத் திட்டம் இருக்கிறது. டாப்லாப் மெட்ஸ் என்று சொன்னால் கிளினிக்கில் தெரியும். இதில் மக்கள் சறுக்குவது இரண்டு இடங்களில். ஒன்று, பொட்டலம் வந்துவிட்டது என்ற குறுஞ்செய்தி ஆயாவின் பழைய எண்ணுக்குப் போய்விடும். வீட்டில் யார் தினமும் செல்போனைப் பார்க்கிறார்களோ அவர் எண்ணைக் கொடுங்கள். இரண்டு, கடைசித் தவணை முடிந்ததும் கிளினிக்குக்குத் திரும்பிப் போய்ச் சோதித்துப் புதுச் சீட்டு வாங்க வேண்டும். அந்தத் தேதியைத் தவறவிட்டால் மருந்து அறுந்துபோகும். அதுவும் குளிர்காலத்தில் அறுந்தால் தொல்லை இரட்டிப்பு.

இன்னொரு எச்சரிக்கை. முழங்கால் வலிக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசியும், இரைப்புக்குத் தரும் பிரெட்னிசோன் மாத்திரையும் சர்க்கரையை ஏற்றும், எதிர்ப்பையும் இறக்கும். தேவை என்றால் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் ‘போன முறை மிச்சமிருந்தது’ என்று எடுத்துச் சாப்பிடுவதும், வாரக்கணக்கில் சாப்பிட்டதைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. மிச்சமான ஆன்டிபயாடிக்குக்கும் இதே விதிதான்.

3. மார்ச் கடைசி, ஏப்ரல்: ஃப்ளூ ஊசி

ஊசி போட்டபின் பாதுகாப்பு உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். இங்கே ஃப்ளூ பருவம் வழக்கமாக ஏப்ரல் கடைசியை ஒட்டித் தொடங்கும். 2025-இல் மார்ச் கடைசி வாரமே தொடங்கிவிட்டது. ஆகவே ஊசி வந்ததும் போட்டுவிடுங்கள். ‘ஜூனில் பார்க்கலாம்’ வேண்டாம். ஜூன் வந்துவிட்டிருந்தால், போடாமல் விடுவதைவிட அப்போதாவது போடுவது மேல்.

நம்மவர்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. பெரிய வெள்ளியன்று இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் ஆயிரக்கணக்கானோர் தோளோடு தோள் உரச நிற்பார்கள். அது ஏறத்தாழ ஃப்ளூ தலைகாட்டும் நேரம். முடிந்தால் அதற்கு இரண்டு வாரம் முன்பே ஊசி முடிந்திருக்க வேண்டும்.

எங்கே போடுவது? 65 வயதைத் தாண்டியவர்களுக்கும், சர்க்கரை, இதயம், நுரையீரல், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் அரசுக் கிளினிக்கில் இலவசம். 62 வயதுத் தாத்தாவுக்குச் சர்க்கரை இருந்தால் அவருக்கும் உண்டு. வயதை மட்டும் சொல்லித் திரும்பி வந்துவிடாதீர்கள், நோயைச் சொல்லுங்கள், கிளினிக் அட்டையைக் காட்டுங்கள். கிளினிக்குக்கு ஊசி வருவது மருந்துக்கடைகளைவிடச் சற்றுத் தாமதமாகும். இருப்பும் தீர்ந்துபோகும். முதல்நாள் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். காலையில் சீக்கிரம் போய், முதியோருக்குத் தனி வரிசை உண்டா என்று வாசலிலேயே கேளுங்கள். சர்க்கரை உள்ளவர் என்றால் சாப்பாட்டையும் அந்த வேளை மருந்தையும் கையோடு கொண்டுபோங்கள்.

கிளிக்ஸ், டிஸ்-கெம் போன்ற மருந்துக்கடைகளில் பணம் கொடுத்துப் போட்டுக்கொள்ளலாம். விலை ஆண்டுதோறும் மாறும். கேட்கும்போது, “மருந்து எவ்வளவு, செவிலியர் கட்டணம் எவ்வளவு” என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். விளம்பரத்தில் ஒன்றுதான் இருக்கும், பில்லில் இரண்டும் இருக்கும். மெடிக்கல் எய்ட் உள்ளவர்களுக்கு மருந்து விலையைத் திட்டம் ஏற்றுக்கொண்டாலும் செவிலியர் கட்டணத்தை ஏற்குமா என்று முன்பே கேட்பது நல்லது. சுற்றுலா விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்கு மருந்துக்கடைதான் சிக்கலில்லாத வழி. பாஸ்போர்ட் எடுத்துப் போங்கள். போன வருடம் ஊரில் போட்ட ஊசி இந்தக் குளிருக்குக் கணக்கில் வராது. கிருமியின் வகை ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது, பழைய பாதுகாப்பும் மாதங்களில் தேய்ந்துவிடும்.

“ஊசி போட்டதும் எனக்கு ஃப்ளூ வந்துவிட்டது” என்பார்கள். ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை. கை வலியும் ஓரிரு நாள் உடம்பு வலியும் வரும், போகும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஊசி போட்ட இடத்தைச் சில நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும், ஆயாவைக் குளிப்பாட்டும் நீங்களும் போட்டுக்கொள்வது அவருக்கு இரண்டாவது வேலி.

நிமோகாக்கஸ் நிமோனியாவுக்குத் தனி ஊசி உண்டு. பெரியவர்களுக்கு அதைப் பெரும்பாலும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும். ஃப்ளூ ஊசியைவிடப் பல மடங்கு விலை. நுரையீரல் நோய் உள்ளவருக்கும், ஒரு முறை நிமோனியா வந்து படுத்தவருக்கும் அந்தச் செலவு தகும். மருத்துவரிடம் பேசுங்கள்.

4. தட்டு: புரதத்தை எண்ணுங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். வயதானவர்களின் சாப்பாட்டில் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு இங்கேதான்.

எதிர்ப்பு அணுக்களைச் செய்யும் மூலப்பொருள் புரதம். வயதானவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும். 60 கிலோ எடையுள்ள ஆயாவுக்கு 60 முதல் 72 கிராம். ஆனால் பல் போனபின் நடப்பது என்ன? காலையில் தேநீரும் ரொட்டியும், மதியம் சோறும் குழம்புச் சாறும் இரண்டு உருளைக்கிழங்கும், மாலையில் தேநீரும் பிஸ்கட்டும், இரவு கொஞ்சம் கஞ்சி. வயிறு நிறைகிறது. புரதக் கணக்கில் பாதிகூடத் தேறாது.

அதே அறுபதை எட்ட ஒரு நாள் இப்படி:

காலையில் இரண்டு முட்டை, 12 கிராம். பதினொரு மணிக்கு ஒரு கோப்பை அமாசி (இங்கே கடையில் கிடைக்கும் புளித்த பால்), ஏறக்குறைய 8 கிராம். மதியம் சோற்றோடு ஒரு கோப்பை கெட்டிப் பருப்பு, 16 கிராமை ஒட்டி. கூடவே டின் மீன் குழம்பில் 100 கிராம் மீன், 18 கிராம். இரவு ஒரு கோப்பை மசித்த சுகர் பீன்ஸ் (உலர்ந்த பீன்ஸ் வகை) கறி, 15 கிராம். கூட்டிப் பாருங்கள், 69 வரும்.

இவை எதுவும் விலை கூடிய பொருள் அல்ல. முட்டை, பால், அமாசி, பருப்பு, உலர்ந்த பீன்ஸ், டின்னில் வரும் பில்ச்சர்ட், அரிசி, காய்கறி, பழம் எல்லாவற்றுக்கும் இந்நாட்டில் 15 சதவீத வாட் வரி கிடையாது. புட்டியில் வரும் புரதப் பொடிக்கு உண்டு. டின் மீனின் முள் மெதுவாக வெந்திருக்கும், மசித்துக் கொடுங்கள், சுண்ணாம்புச் சத்து அதில்தான். அந்த மீனில் வைட்டமின் டியும் இருக்கிறது. டின்னிலேயே உப்பு இருப்பதால் குழம்பில் உப்பைக் குறையுங்கள்.

ஒரே வேளையில் அள்ளிக் கொட்டாமல் மூன்று வேளையும் பிரித்துக் கொடுக்க வேண்டும். வயதான வயிறும் தசையும் அப்படித்தான் ஏற்கும். சிறுநீரகம் பழுதானவருக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவருக்கு எவ்வளவு என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

புரட்டாசி வந்தால் மீனும் முட்டையும் நின்றுவிடும். குளிரில் நோய்ப்பட்டு எழுந்தவர்கள் தேற வேண்டிய நேரம் அது. விரதத்தை விடச் சொல்லவில்லை, இலையில் மாற்று இருக்கட்டும் என்கிறேன். பருப்பை இரண்டு வேளையாக்குங்கள், அமாசியை இரண்டு கோப்பையாக்குங்கள், ஒரு கைப்பிடி நிலக்கடலையை அரைத்துத் துவையலாக்குங்கள். சோயா உருண்டை 50 கிராம் உலர்ந்த எடையில் 25 கிராம் புரதம் தரும். மசாலா சேர்த்துப் பொட்டலத்தில் வரும் சோயா மின்ஸ் அதற்குச் சமம் ஆகாது. அதில் மாவும் உப்பும் கலந்திருக்கும், பின்புற அட்டவணையைப் படித்து வாங்குங்கள்.

காவடிக்கு விரதம் இருந்து ஒரு வேளை மட்டும் சாப்பிடும் சர்க்கரை நோயாளிக்கு, கிளிமிபிரைடு, கிளிக்கிளசைடு போன்ற மாத்திரையையோ இன்சுலினையோ வழக்கமான அளவில் கொடுத்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். விரதம் தொடங்க ஒரு வாரம் முன்பே கிளினிக்கில் சொல்லி அளவை மாற்றிக்கொள்ளுங்கள்.

வைட்டமின் ‘சி’-க்கு மாத்திரை தேடாதீர்கள். கொய்யா இங்கே குளிர்காலப் பழம். ஒரு பழத்தில் ஒரு நாளைக்குத் தேவையானதற்கு மேல் இருக்கிறது. பல் இல்லாதவருக்கு வேகவைத்து மசித்து விதையை வடிகட்டிக் கொடுக்கலாம். தண்ணீரில் பொங்கும் வைட்டமின் மாத்திரைகளில் சோடியம் கணிசமாக இருப்பதால் இரத்த அழுத்தம் உள்ளவருக்குத் தினமும் கொடுப்பது நல்லதல்ல. துத்தநாக மாத்திரையும் அப்படித்தான். நாளுக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் தொடர்ந்து போனால் உடலில் செம்பு குறைந்து, எதிர்ப்பு கெடவே செய்யும்.

முருங்கைக்கீரை, வெந்தயக்கீரை, மஞ்சள், இஞ்சி எல்லாம் சமையலில் நன்றாகவே சேரட்டும். மஞ்சள் காப்ஸ்யூல், இஞ்சிக் காப்ஸ்யூல் என்று செறிவாக வருபவற்றை வார்ஃபரினோடு சேர்த்துக் கொடுத்தால் இரத்தம் கசியும் அபாயம் கூடும்.

5. போலோனியும் குளிர்பெட்டியும் தண்ணீரும்

2017, 2018-இல் இந்நாட்டில் லிஸ்டீரியா பரவியபோது 1,060 பேருக்கு நோய் உறுதியானது, 216 பேர் இறந்தார்கள். போலோனி என்னும் பதப்படுத்திய இறைச்சி வழியாக வந்தது என்று 2018 மார்ச்சில் கண்டுபிடித்தார்கள். அந்தக் கிருமி குளிர்பெட்டிக்குள்ளும் வளரும். சாப்பிட்டு 70 நாள் கழித்துக்கூட நோய் தலைகாட்டலாம். இளைஞர் தாங்கிக்கொள்வார், வயதானவருக்கு அது மூளைக்கும் இரத்தத்துக்கும் ஏறும். ஆகவே தாத்தாவின் ரொட்டியில் போலோனியும் வியன்னா சாசேஜும் அப்படியே வேண்டாம். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் நடுப்பகுதி வரை ஆவி பறக்கச் சுடவைத்துக் கொடுங்கள்.

சோறும் குழம்பும் சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் போக வேண்டும். பெரிய பானையோடு வைத்தால் நடுவில் மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும். தட்டையான பாத்திரங்களில் பிரித்து வையுங்கள். மின்சாரம் போனால் கதவைத் திறக்காமல் நான்கு மணி நேரம் வரை குளிர் தாங்கும். அதற்கு மேல் போனால் இறைச்சியையும் பாலையும் முதியவருக்குக் கொடுக்க வேண்டாம். எவ்வளவு நேரம் போயிருந்தது என்று தெரியாவிட்டாலும் இதே விதி.

2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டொங்காட் மக்கள் மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீர் இல்லாமல் இருந்தார்கள். இப்போதும் பல பகுதிகளில் தண்ணீர் நின்று நின்று வருகிறது. வாளியிலும் தொட்டியிலும் பிடித்து வைத்த தண்ணீரைக் குடிக்கக் கொதிக்கவையுங்கள். கொதிக்கவைக்க வழியில்லை என்றால், வாசனை சேர்க்காத ஜிக் (வீட்டு ப்ளீச்) ஒரு தேக்கரண்டியை 25 லிட்டரில் கலந்து இரண்டு மணி நேரம் விடுங்கள். பிடித்த வாளியை மூடிவையுங்கள், கையை விட்டு மொள்ளாமல் கைப்பிடி வைத்த குவளையால் எடுங்கள்.

ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது குவளை கைமாறும். அதுவும் ஃப்ளூ பருவம்தான். ஆயாவுக்கு என்று ஒரு குவளையை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

6. வாய், பாதம்

வாயில் சேரும் கிருமி தூக்கத்தில் எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்குவதுதான் வயதானவர்களின் நிமோனியாவுக்கு ஒரு முக்கிய வழி. பொய்ப்பல்லை இரவில் கழற்ற வேண்டும். தூரிகையால் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, சுத்தமான தண்ணீரில் போட்டு வையுங்கள். பற்பசை அதன் மேல் கீறலை உண்டாக்கும், கீறலில் கிருமி தங்கும். பல்லே இல்லாதவருக்கும் ஈறையும் நாக்கையும் ஈரத் துணியால் காலையும் இரவும் துடையுங்கள். இதற்கு ஒரு ராண்ட் செலவில்லை. இருந்தும் பெரும்பாலான வீடுகளில் நடப்பதில்லை.

சர்க்கரை உள்ளவரின் பாதத்தை நீங்களே தினமும் பாருங்கள், விரலிடுக்கு உள்பட. வெடிப்பு இருந்தால் வாசலின் தடவுங்கள், விரலிடுக்கில் மட்டும் தடவாதீர்கள். தைப்பூசக் காவடி வருவது ஆண்டின் மிகச் சூடான நாள்களில். வெறுங்காலில் தார்ச்சாலையில் நடந்தால், மரத்த பாதத்துக்குச் சூடு தெரியாது, கொப்புளம் மறுநாள்தான் தெரியும். அப்படிப்பட்டவர் தீமிதியில் இறங்கவே கூடாது. வேண்டுதலை நிறைவேற்ற வேறு வழி உண்டா என்று குருக்களிடம் கேளுங்கள்.

7. தூக்கம், நடை, வெயில்

ஏழு மணி நேரத் தூக்கம் குறைந்தால் சளி எளிதில் பிடிக்கும், போட்ட ஊசியும் முழுப் பலன் தராது. தூக்கமாத்திரைக்குப் போகுமுன் இவற்றைச் செய்து பாருங்கள். மூன்று மணிக்குப் பிறகு தேநீருக்குப் பதில் ரூயிபாஸ் கொடுங்கள், அதில் காஃபீன் இல்லை. பகல் தூக்கம் அரை மணி நேரம். நீர் பிரியும் மாத்திரையைக் காலையில் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இரவு நாலு முறை எழுந்து கழிவறைக்குப் போவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

நடைக்கு வாரம் 150 நிமிடம் என்பது இலக்கு, அதாவது ஐந்து நாள் அரை மணி நேரம். தெருவில் நடக்கப் பயமாக இருக்கும் இடங்களில் சாட்ஸ்வர்த் சென்டர், ஃபீனிக்ஸ் பிளாசா போன்ற வணிக வளாகங்களுக்குள் கூட்டம் சேருமுன் காலையில் நடக்கலாம். தரை சமம், உட்கார இடமும் கழிவறையும் உண்டு. நடக்க முடியாதவருக்கு நாற்காலி போதும். கையை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொல்லுங்கள். ஐந்து முறையில் தொடங்கி, ஒரு மாதத்தில் பத்துக்குக் கொண்டு வாருங்கள், நாளுக்கு இரு வேளை. நாற்காலியைச் சுவரோடு ஒட்டி வையுங்கள்.

நம் நிறத் தோலுக்கு வைட்டமின் டி உண்டாக அதிக நேரம் வேண்டும், வயதான தோலுக்கு இன்னும் அதிகம். முற்றத்தில் கையும் காலும் வெயில் படும்படி 20, 30 நிமிடம் உட்காரட்டும். வெளியே வரவே முடியாதவருக்கு நாளுக்கு 800 யூனிட் மாத்திரை போதுமானது. ஒரு பெரிய சறுக்கல்: மருத்துவர்கள் 50,000 யூனிட் காப்ஸ்யூலை வாரத்துக்கு ஒன்று என்று எழுதித் தருவார்கள். அதைத் தினமும் ஒன்று என்று கொடுத்தால் இரத்தத்தில் சுண்ணாம்பு ஏறி, வாந்தியும் குழப்பமும் வந்து, சிறுநீரகம் கெடும். காப்ஸ்யூல் பெட்டியின் மேல் கிழமையைப் பெரிதாக எழுதிவிடுங்கள்.

8. புகை

குளிரில் சன்னலை அடைத்துப் பாரஃபின் ஹீட்டரை ஏற்றுவதும், கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவருவதும், பூசை அறையில் சாம்பிராணி போடுவதும் ஒன்றாக நடக்கும். மூச்சுக்குழாயில் கிருமியைத் தள்ளி வெளியேற்றும் நுண்ணிய மயிர்களைப் புகை செயலிழக்கச் செய்கிறது. கரி அடுப்பு அறைக்குள் வரவே கூடாது, அதன் வாயு உயிரைப் பறிக்கும். சாம்பிராணியைத் தாத்தா படுக்கும் அறையில் போடாதீர்கள், போடும்போது ஒரு சன்னல் திறந்திருக்கட்டும். ஈரச்சுவரில் கறுப்புப் பூஞ்சை படர்ந்திருந்தால் கட்டிலை அங்கிருந்து நகர்த்திவிட்டுச் சுவரைச் சுத்தம் செய்யுங்கள்.

9. இரண்டு வாரம் தாண்டிய இருமல்

இதை ‘குளிர் இருமல்’ என்று விட்டுவிடாதீர்கள். காசநோய் இந்நாட்டில் மிக அதிகம், சர்க்கரை உள்ளவருக்கு வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. எடை குறைகிறதா, இரவில் தலையணை நனைய வியர்க்கிறதா என்று பாருங்கள். கிளினிக்கில் சளியை ஜீன்எக்ஸ்பர்ட் சோதனைக்குக் கேளுங்கள். சோதனையும் இலவசம், வழக்கமான ஆறு மாத மருந்தும் இலவசம். “நம் வீட்டிலா?” என்று வெட்கப்பட்டு மறைப்பதால் பேரப்பிள்ளைகளுக்கும் பரவுகிறது. மருந்தால் குணமாகும் நோய் இது.

10. எப்போது கிளம்ப வேண்டும்

வயதானவருக்குக் காய்ச்சல் அனலாகக் கொதிக்காது. வழக்கமான சூட்டைவிட ஒரு டிகிரி ஏறினாலே, அதாவது 37.8 வந்தாலே, காய்ச்சல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பல நேரம் அதுவும் இராது. நேற்று வரை ஒழுங்காகப் பேசியவர் இன்று பேரைக் குழப்புவார், தேநீரைத் தொடமாட்டார், கட்டிலிலிருந்து எழும்போது விழுவார். நுரையீரலிலோ சிறுநீரிலோ தொற்று என்பதற்கு முதல் அடையாளம் இதுவாகவே இருக்கலாம்.

மார்பு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 24-க்கு மேல் போனாலோ, விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி 92-க்குக் கீழே காட்டினாலோ, உதடு நீலம் பூத்தாலோ காலை வரை காத்திருக்க வேண்டாம். அரசு ஆம்புலன்ஸ் 10177, செல்போனிலிருந்து 112. ஆம்புலன்ஸ் தாமதமாகலாம், அழைத்துவிட்டு வண்டி வைத்திருக்கும் அண்டை வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள். கையில் கோப்பு, கண்ணாடி, பொய்ப்பல் டப்பா, ஒரு போர்வை.

மூச்சு நன்றாக இருந்து, ஃப்ளூ போலத் தெரிந்தால் அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் காட்டுங்கள். ஃப்ளூவுக்கு எதிரான மருந்தை, நோய் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். இருமல் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய தாளில் எழுதிவிடுங்கள். மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வி அதுதான்.